பட்ட காயமும் எழுதிய காயமும்

கலஹாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒருவருக்கு அடிபட்டால், செய்தி வினைச்சொல்லாகத்தான் முதலில் வந்து சேரும். “கவ்வாத்துக் கத்தி பட்டுருச்சு”, “கான்ல விழுந்துட்டா”, “குளவி கொட்டிருச்சு.” எது பட்டது, எங்கே விழுந்தார், எது கொட்டியது என்பதுதான் லயத்தில் இருப்பவர்களுக்கு உடனே தெரிய வேண்டியது. தோட்ட ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு, கலஹா வைத்தியசாலையில் காட்டி, அங்கும் சரிவராவிட்டால் பேராதனைக்கோ கண்டிக்கோ கொண்டுபோவார்கள். அப்படிக் கீழே இறங்க இறங்க அந்த வினைச்சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிடுகின்றன. வீடு திரும்பும் நாளில் கையில் கொடுக்கப்படும் டயக்னோசிஸ் கார்டில் ஒரு பெயர்ச்சொல்லும் அதன் முன்னால் ஓர் அடைமொழியும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். ‘டீப் லாசரேஷன்’, ‘கம்பவுண்ட் ஃப்ராக்சர்’, ‘சிவியர் ஹெட் இஞ்சரி’. கத்தியும் கானும் குளவியும் மறைந்து, காயத்தின் அளவும் வகையும் மட்டும் மிஞ்சுகின்றன.

கடுமையான காயத்தைப் பற்றிப் பேசும்போது ஆங்கிலம் எந்தச் சொல்லோடு எந்தச் சொல்லைச் சேர்க்கிறது, தமிழ் எதை எதோடு சேர்க்கிறது என்பதைப் பார்க்க எனக்கு இந்த மலையைவிட நல்ல இடம் தெரியவில்லை. பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தின் ஊடாகப் போகும் பாதைக்கே கலஹா வீதி என்றுதான் பெயர். அதன் ஒரு முனையில் ஆங்கிலத்தில் மருத்துவமும் சட்டமும் கற்றவர்களின் உலகம் இருக்கிறது. மறு முனைக்கு மேலே, தெல்தோட்டைப் பக்கத்து மலைகளில், 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்த லூல்கந்துர தோட்டமும் அதற்குப் பின்னால் வந்த தோட்டங்களும் இருக்கின்றன. காயம் பட்டவர் மேலிருந்து கீழே வருகிறார். அவருடைய காயத்தைப் பற்றிய தீர்ப்பு கீழிருந்து மேலே போகிறது. நட்டஈடும் வழக்கும் அவர் திரும்பவும் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, போகும் நாளும் அந்தத் தீர்ப்பின் சொற்களில் தொங்குகின்றன.

ஆங்கிலத்தின் வழக்கம் முதலில். அந்த மொழியில் கடுமையைச் சொல்ல நிறையச் சொற்கள் உண்டு: சீரியஸ், சிவியர், கிரிட்டிக்கல், கிரேவ், பேட், ஃபேட்டல், மோர்ட்டல், கிரீவஸ். அகராதியில் தனித்தனியே பார்த்தால் இவை ஒன்றுக்கொன்று மாற்றாகப் போடக்கூடியவை போலத் தெரியும். வழக்கில் அப்படி இல்லை. ‘இஞ்சர்ட்’ என்ற சொல் சீரியஸ்லி, சிவியர்லி, கிரிட்டிக்கலி, ஃபேட்டலி எல்லாவற்றையும் ஏற்கும். ‘ஹர்ட்’ பேச்சுமொழிச் சொல். அதற்குப் பேட்லி பொருந்தும், சீரியஸ்லியும் பொருந்தும். ‘வூண்டெட்’ என்றால் ஆயுதத்தால் பட்ட காயம் என்ற நினைப்பு வந்துவிடும். மோர்ட்டலி அதோடுதான் இயல்பாகச் சேரும், விபத்தில் அடிபட்டவருக்கு ஃபேட்டலி. போரில் வூண்டெட், பஸ் விபத்தில் இஞ்சர்ட். வலிக்குச் சிவியர் உண்டு, சீரியஸ் கிடையாது. நோய்க்குச் சீரியஸ் பொருந்தும். தீப்பட்ட காயத்துக்குப் பெரும்பாலும் சிவியர். விபத்து சீரியஸாக இருக்கலாம், பேட் ஆக இருக்கலாம். சிவியர் அக்சிடென்ட் என்பது காதுக்கு ஒட்டாது. கிரிட்டிக்கல் என்ற சொல் பெரும்பாலும் கண்டிஷனைத் தேடிப் போகும், ஆளின் நிலையைச் சொல்ல.

இப்படிச் சொற்கள் துணை தேடிச் சேர்வதை முறையாகத் தொகுக்க முயன்றவர்களில் முன்னோடி ஹெரால்ட் பாமர். ஜப்பானில் ஆங்கிலக் கற்பித்தலில் ஈடுபட்ட அனுபவத்தில் 1933-ல் டோக்கியோவில் அவர் ஓர் அறிக்கை வெளியிட்டார். அதன்பின் இந்தக் கருத்துக்கு மொழியியலில் இடம் பிடித்துக் கொடுத்தவர் ஜே.ஆர். ஃபர்த். அவர் 1919 முதல் 1928 வரை லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். ஆங்கிலத்தை அந்நிய மொழியாகக் கற்பவர்களின் நடுவே வேலை செய்தவர்கள் இருவரும். தாய்மொழிக்காரருக்குக் கண்ணில் படாத இந்தச் சேர்க்கை, கற்பிக்கிறவருக்குத்தான் ஒவ்வொரு கொப்பியிலும் கண்ணில் படும்.

மலையகப் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்பிக்கிறவர்களுக்கு ‘ஹெவி இஞ்சரி’ என்ற பிழை நன்றாகத் தெரிந்திருக்கும். பிள்ளை அதைச் சும்மா எழுதவில்லை. தமிழில் ‘பலத்த’ என்ற ஒரே சொல் மழைக்கு வரும், காற்றுக்கு வரும், பாதுகாப்புக்கு வரும், எதிர்ப்புக்கு வரும், காயத்துக்கும் வரும். பலத்த மழை ‘ஹெவி ரெயின்’ என்று பிள்ளைக்குத் தெரியும். ஆகவே பலத்த காயத்துக்கும் ஹெவி போடுகிறது. ஆங்கிலமோ மழைக்கு ஹெவி, காற்றுக்கு ஸ்ட்ரோங், பாதுகாப்புக்கு டைட், எதிர்ப்புக்கு ஸ்டிஃப், காயத்துக்கு சீரியஸ் என்று ஐந்தாகப் பிரித்துவிடுகிறது. ‘கடும்’ என்பதும் இப்படித்தான்: கடும் குளிர், கடும் காய்ச்சல், கடும் வலி. காய்ச்சலுக்கு ஆங்கிலம் ‘ஹை’ கேட்கும், வலிக்கு ‘சிவியர்’ கேட்கும். இந்தப் பிழையைச் சிவப்பு மையால் வெட்டிவிட்டுப் போகிற ஆசிரியர், பிள்ளையின் அறிவைக் காணாமல் போகிறார் என்பது என் எண்ணம். அந்தப் பிள்ளை தமிழின் விதியைச் சரியாகப் பின்பற்றியிருக்கிறது. அதற்குத் தேவையானது சொல் அல்ல, சோடி.

மருத்துவம் இந்தச் சோடிகளை இன்னும் இறுக்கிவிட்டது. வாகன விபத்துக் காயங்களை அளக்க அமெரிக்காவில் உருவாகி 1971-ல் வெளியான சுருக்கக் காய அளவுகோல் இன்று உலகம் முழுவதும் பயன்படுகிறது. இன்றைய வடிவில் அதில் 1 என்றால் மைனர், 2 மொடரேட், 3 சீரியஸ், 4 சிவியர், 5 கிரிட்டிக்கல். அதற்கு மேலே உள்ள 6, காப்பாற்ற முடியாத காயம். செய்தித்தாளில் நடைக்காக மாற்றி மாற்றிப் போடும் சீரியஸும் சிவியரும் இங்கே இரண்டு வெவ்வேறு படிகள். தலைக் காயத்துக்கு வேறொரு கணக்கு. கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜெனட் என்ற இரு மருத்துவர்கள் 1974-ல் கொடுத்த அளவுகோலில் கண் திறத்தல், பேச்சு, உடல் அசைவு மூன்றையும் கூட்டி 3 முதல் 15 வரை எண் போடுவார்கள். 8 அல்லது அதற்குக் கீழே வந்தால்தான் ‘சிவியர் ஹெட் இஞ்சரி’. அந்தச் சிவியருக்குப் பின்னால் ஓர் எண் இருக்கிறது. கலஹாவில் மரக்கிளை முறிந்து தலையில் விழுந்த ஒருவரின் கார்டில் ‘மைல்ட் ஹெட் இஞ்சரி’ என்று இருந்தால், வீட்டார் அதை “லேசான அடிதான், பயமில்லை” என்று வாசிக்கலாம். எழுதிய மருத்துவருக்கு அதன் பொருள் எண் 13-க்குக் குறையவில்லை என்பது மட்டும். அந்த ஆளுக்கு வாந்தியோ மயக்கமோ வந்தால் உடனே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்ற எச்சரிக்கை ‘மைல்ட்’ என்ற சொல்லால் ரத்தாகிவிடாது.

தமிழ்ப் பக்கம் வந்தால் காட்சி வேறு. தமிழில் ‘காயம்’ என்ற சொல்லுக்கு முன்னால் உள்ள இடத்தைப் பெரும்பாலும் காரணம் பிடித்துக்கொள்கிறது: வெட்டுக்காயம், குத்துக்காயம், கடிகாயம், உரசல் காயம், எரிகாயம், துப்பாக்கிச் சூட்டுக் காயம். எதனால் வந்தது என்று சொல்லாமல் காயத்தைச் சொல்வது அரிது. தமிழ்நாட்டில் தீக்காயம் என்பதை இங்கே எரிகாயம் என்கிறோம். இரண்டிலும் நெருப்பு உள்ளே இருக்கிறது. ஆங்கிலத்தில் இவற்றுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு: கட், ஸ்டேப், பைட், கிரேஸ், பர்ன். காரணம் பெயருக்குள்ளேயே அடங்கிவிடுவதால் முன்னால் உள்ள இடம் வெறுமையாகி, அளவைச் சொல்லும் அடைமொழிக்குக் கிடைக்கிறது. டீப் கட், நாஸ்டி பைட், சிவியர் பர்ன். தமிழிலும் ‘ஆழமான வெட்டுக்காயம்’ என்று சொல்ல முடியும், சொல்கிறோம். ஆனால் அது எழுத்துத் தமிழ். பேச்சில் அளவு வேறிடத்தில் உட்காரும். “எலும்பு தெரியுது”, “ரத்தம் நிக்கல”, “கால ஊனவே முடியல.” இந்த மூன்றும் காயத்தின் அளவுதான். அடைமொழி இல்லாமல், கண்ணால் கண்டதாகச் சொல்லப்பட்ட அளவு. விபத்துப் பிரிவில் இருக்கும் நல்ல மருத்துவர் இந்த வாக்கியங்களைக் கேட்டவுடன் புரிந்துகொள்வார், அவருக்குத் தமிழ் தெரிந்திருந்தால்.

செய்தித்தாள் தமிழுக்கு ஒரு சுருக்குவழி உண்டு: படுகாயம். படு என்ற முன்னொட்டு படுகொலை, படுமோசம் என்று எதையும் உச்சத்துக்கு ஏற்றும். சிரமம் என்னவென்றால் அதற்கு ஒரே படிதான். கால் முறிந்தவரும் படுகாயம், சுயநினைவு இழந்தவரும் படுகாயம். அதற்கு மேலே போக வேண்டுமானால் ‘கவலைக்கிடமான நிலையில்’ என்று காயத்தை விட்டு ஆளின் நிலைக்குத் தாவ வேண்டும். இந்த இடத்தில் ஆங்கிலத்தின் ‘கிரிட்டிக்கல் கண்டிஷன்’ வழக்கும் தமிழும் ஒன்றாகின்றன. இரண்டு மொழியும் கடைசிப் படியில் காயத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு மனிதரைப் பற்றிப் பேசுகின்றன.

பழந்தமிழில் காயத்தின் முன்னால் காரணமும் இல்லை, அளவும் இல்லை, இருந்தது திசை. புண் என்பதுதான் அன்றைய சொல். முகத்திலும் மார்பிலும் பட்டது விழுப்புண், முதுகில் பட்டது புறப்புண். வெண்ணிப் போரில் கரிகாலனோடு மோதிப் புறப்புண் பட்டதற்கு நாணிச் சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்ததைப் புறநானூற்றின் 65, 66-ஆம் பாட்டுகள் சொல்கின்றன. குறளின் படைச்செருக்கு அதிகாரமும் விழுப்புண்ணைப் போற்றுகிறது. அந்தக் காயம் எத்தனை அங்குலம் என்று யாரும் கேட்கவில்லை. எந்தப் பக்கம் என்றுதான் கேட்டார்கள், ஏனென்றால் மானம் அதில் இருந்தது. இன்று புண் என்ற சொல் ஆறாத நோய்ப்புண்ணுக்கும் வாய்ப்புண்ணுக்கும் வயிற்றுப்புண்ணுக்கும் போய்விட்டது. மனத்தோடு மட்டும் அது பழைய உறவை விடவில்லை. மனம் இன்னும் புண்படத்தான் செய்கிறது. ஆங்கிலத்திலும் இதற்கு நிகரான வழக்கு உண்டு. மனதுக்கு ஹர்ட், தன்மானத்துக்கு வூண்டெட். இஞ்சரி அந்தப் பக்கம் அதிகம் போகாது.

சட்டத்துக்கு வருகிறேன். இந்த ஒப்பீட்டில் எனக்கு மிக முக்கியமாகப் படும் பகுதி இதுதான்.

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883-ஆம் ஆண்டின் 2-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதில் 310-ஆம் பிரிவு ‘ஹர்ட்’ என்றால் என்ன என்று சொல்கிறது, 311-ஆம் பிரிவு ‘கிரீவஸ் ஹர்ட்’ என்றால் என்ன என்று சொல்கிறது. இந்தச் சோடி இங்கிலாந்தில் பிறந்ததல்ல. இங்கிலாந்தின் 1861-ஆம் ஆண்டுச் சட்டம் ‘கிரீவஸ் பொடிலி ஹார்ம்’ என்று சொல்கிறது. அதற்கு அங்கே பட்டியல் இல்லை. உண்மையிலேயே கடுமையான தீங்கு என்று 1961-ல் பிரபுக்கள் சபை பொருள் சொல்லிவிட்டது, மீதியை ஜூரிகள் பார்த்துக்கொள்வார்கள். ‘கிரீவஸ் ஹர்ட்’ இந்தியாவுக்காக எழுதப்பட்ட சொல். மெக்காலே தலைமையிலான ஆணைக்குழு 1837-ல் கொடுத்த வரைவிலிருந்து வந்து, 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் எட்டு வகைகளாகப் பட்டியலிடப்பட்டு, அங்கிருந்து இலங்கைக்கு வந்தது. தமிழ்நாட்டு நீதிமன்றத் தமிழ் அதைக் ‘கொடுங்காயம்’ என்று அழைக்கிறது. இங்கே ‘கடுங்காயம்’ என்றும் ‘பாரதூரமான காயம்’ என்றும் எழுதுகிறோம்.

பட்டியல் இருப்பதால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு கண்ணின் பார்வை போவது, ஒரு காதின் கேட்கும் திறன் போவது, ஓர் உறுப்போ மூட்டோ இழப்பது, முகம் நிரந்தரமாக உருக்குலைவது எல்லாம் கிரீவஸ். இவற்றில் யாருக்கும் சந்தேகம் வராது. அதே பட்டியலில் எலும்போ பல்லோ முறிவதும் இருக்கிறது. சண்டையில் ஒரு முன்பல் உடைந்தால் சட்டத்தின் கண்ணில் அது கிரீவஸ் ஹர்ட். ஆனால் எந்த ஆங்கிலேயரும் பல் உடைந்தவரை ‘சீரியஸ்லி இஞ்சர்ட்’ என்று சொல்ல மாட்டார். தமிழில் யாரும் அவருக்குப் ‘படுகாயம்’ என்றும் எழுத மாட்டார்கள். மறுபக்கம், உடம்பெல்லாம் தடியடித் தடங்கள் வரிசையாகக் கன்றிப்போய், எலும்பு முறியாமல், சில நாட்களில் எழுந்து நடந்துவிட்ட ஒருவர் பட்ட வேதனை பட்டியலுக்கு வெளியே நிற்கக்கூடும். ஊர் அதைப் பலத்த அடி என்றுதான் சொல்லும். கிரீவஸ் என்ற சொல் பேச்சு ஆங்கிலத்தில் துயரத்தோடு உறவுள்ளது. சட்டத்தில் அது அந்த உறவை அறுத்துக்கொண்டு, குறித்த சில நிலைமைகளின் பெயராக மாறிவிட்டது.

பட்டியலின் கடைசி வகையில் நாள் கணக்கு வருகிறது. கடும் உடல்வலியோடு, அல்லது தன் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல், ஒருவர் 20 நாட்கள் இருந்தால் அதுவும் கிரீவஸ் என்றது இந்தியச் சட்டம். 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா அதன் 116-ஆம் பிரிவில் இதை 15 நாட்களாகக் குறைத்தது. கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்கு ‘வழக்கமான வேலை’ என்றால் என்ன? சரிவில் ஏறி இறங்கி, இரண்டு கையாலும் பறித்து, எடையைத் தலையில் தாங்குவது. மேசையில் உட்கார்ந்து வேலை செய்பவர் பத்து நாளில் திரும்பக்கூடிய அதே தோள்பட்டைச் சுளுக்கு அவரை ஒரு மாதம் வீட்டில் வைக்கும். சட்டத்தின் சொற்களில் இதற்கு இடம் இருக்கிறது. ஆர்டினரி பர்சூட்ஸ் என்பது அந்தந்த ஆளின் வேலை. ஆனால் அவர் என்ன வேலை செய்கிறார், அந்த வேலைக்கு எந்த அசைவு வேண்டும் என்பதை யாராவது எழுத வேண்டும். அடிதடி வழக்குகளில் பொலிஸார் கொடுக்கும் படிவத்தோடு சட்ட வைத்திய அதிகாரியிடம் போகும்போது, காயம் கடுங்காயமா அல்லவா, உயிருக்கு ஆபத்தானதா என்று அவர் வகைப்படுத்துவார். அந்த நேரத்தில் “தோள் வலிக்குது” என்பதோடு நிற்காமல், “கூடையத் தூக்க முடியல, மலைக்கு ஏற முடியல” என்று சொல்வது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும்.

‘வூண்ட்’ என்ற சொல்லையும் இங்கிலாந்துச் சட்டம் இப்படியே இறுக்கி வைத்திருக்கிறது. தோலின் எல்லா அடுக்கும் பிளந்தால்தான் அது வூண்ட். காறை எலும்பு உடைந்தும் தோல் கிழியாத ஒரு வழக்கில் 1830-லேயே அது வூண்ட் அல்ல என்றார்கள். காற்றுத் துப்பாக்கிக் குண்டு பட்டுக் கண்ணுக்குள்ளே இரத்தம் கசிந்த சிறுவனின் வழக்கிலும், 1983-ல், அதே முடிவு. தமிழில் இதை ஊமைக்காயம் என்போம், உள்காயம் என்போம். வெளியே தெரியாததும் நமக்குக் காயம்தான். அந்தச் சொல்லில் தோலுக்கு அதிகாரம் இல்லை.

வினைச்சொற்களிலும் இரண்டு மொழிகளும் விலகி நிற்கின்றன. ஆங்கிலத்தில் காயத்தைச் ‘சஃபர்’ பண்ணலாம், ‘சஸ்டெய்ன்’ பண்ணலாம். பொலிஸ் அறிக்கையில் ‘ரிசீவ்’ கூடப் பண்ணலாம். தெற்காசிய ஆங்கிலச் செய்திகளில் இறந்தவர் காயங்களுக்கு ‘சக்கம்ப்’ ஆவார், அதாவது அவற்றிடம் தோற்றுப்போவார். தமிழ்ச் செய்தியில் அவர் சிகிச்சை பலனின்றி உயிரிழப்பார். ஒரே மரணம். ஆங்கிலத்தில் மனிதர் தோற்கிறார், தமிழில் மருந்து தோற்கிறது. அழும் வீட்டில் தமிழ் வாக்கியம்தான் கொஞ்சமாவது ஆறுதல் தரும் என்று எனக்குத் தோன்றுகிறது: போனவர் மேல் குறை இல்லை.

“கத்தி பட்டுருச்சு” என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். யார் செய்தார் என்பதே அதில் இல்லை. ஆங்கிலத்தில் இதை இயல்பாகச் சொன்னால் ‘ஷீ கட் ஹெர் ஹேண்ட்’ என்று வரும், அவள் கையை அவளே வெட்டிக்கொண்டாள் என்ற வடிவில். ஆங்கிலக்காரர் அதில் குற்றம் எதையும் கேட்பதில்லை. அது அவர்கள் வழக்கம். ஆனால் அதே வாக்கியம் திரும்பத் தமிழுக்கோ சிங்களத்துக்கோ போகும்போது ஒரு சாடல் ஒட்டிக்கொள்ள இடமுண்டு. கவனமில்லாமல் வெட்டிக்கொண்டாள் என்று ஆகிவிடும். மழையில் ஈரமான பிடியும் வழுக்கும் சரிவும் தேய்ந்த கத்தியும் அந்த வாக்கியத்தில் இல்லை. “பட்டுருச்சு” அவற்றுக்கெல்லாம் வாசல் திறந்து வைத்திருந்தது.

வேலைக் காயத்துக்கான சட்டம் இங்கேதான் உதவிக்கு வருகிறது. இலங்கையின் 1934-ஆம் ஆண்டு 19-ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், 1897-ல் பிரித்தானியாவில் எழுதப்பட்ட ஒரு நீண்ட சொற்றொடரின் வாரிசு: வேலையிலிருந்து எழுந்து, வேலையின்போது, விபத்தால் ஏற்பட்ட உடற்காயம். ஆங்கிலத்தில் ‘அரைசிங் அவுட் ஒஃப் அண்ட் இன் த கோர்ஸ் ஒஃப் எம்ப்ளாய்மென்ட்’. இந்தச் சொற்றொடரில் சீரியஸ் இல்லை, சிவியர் இல்லை, கிரீவஸும் இல்லை. காரணமும் இடமும் நேரமும்தான் இருக்கின்றன. அளவு பிறகு, இழந்த உழைப்புத் திறனின் வீதமாக, அட்டவணையில் வருகிறது. அதாவது அளவையே முதலில் பேசிப் பழகிய ஆங்கிலம், தொழிலாளிக்காக எழுதிய சட்டத்தில் மட்டும் தமிழ் லயத்தின் முதல் கேள்வியைக் கேட்கிறது: எதனால், எங்கே?

‘விபத்தால்’ என்ற சொல் எவ்வளவு விரியும் என்று ஆங்கிலேய நீதிமன்றங்கள் நெடுநாள் வாதாடின. இறுகிப்போன ஒரு சக்கரத்தைத் திருப்ப முயன்றபோது உள்ளே குடல் இறங்கிய தொழிலாளியின் வழக்கில், எதிர்பாராமல் நேர்ந்த தீங்கு எதுவும் விபத்துதான் என்று பிரபுக்கள் சபை 1903-ல் சொன்னது. 1905-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கம்பளி பிரிக்கும் ஒருவர் கம்பளியிலிருந்து அந்த்ராக்ஸ் கிருமி தொற்றி இறந்தார். அதையும் விபத்தால் வந்த காயம் என்று ஏற்றார்கள். கண்ணுக்குத் தெரியாத கிருமி உடலில் வந்து விழுந்ததை விபத்து என்று ஏற்க முடியுமானால், மலையில் கொழுந்து பறிக்கும்போது கூடு கலைந்து வந்து கொட்டும் குளவியை ஏற்காமல் இருக்க நியாயம் இல்லை.

குளவிக் கொட்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தோட்டப்பகுதிச் செய்திகளில் அடிக்கடி வரும் வாக்கியம் இது: கொழுந்து பறித்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் அனுமதி. ‘இலக்காகி’ என்பது துப்பாக்கிச் சூட்டுக்கு வரும் சொல். இந்தப் பத்திரிகைத் தமிழ் குளவியைத் தாக்குகிறவனாகவே நிறுத்துகிறது, நிறுத்தவும் வேண்டும். கூட்டமாக வந்து கொட்டினால் மரணம் வரை போகும் என்பதை இந்த மலைகள் பல தடவை பார்த்துவிட்டன. பேராதனை மருத்துவர்கள் இந்தக் கொட்டுகளை ஆராய்ந்து எழுதியும் இருக்கிறார்கள். நாம் குளவி என்று ஒரே பெயரில் சொல்வதில் உண்மையான குளவியும் உண்டு, பாறையிலும் உயர்ந்த மரத்திலும் கூடு கட்டும் மலைத்தேனீயும் உண்டு.

ஆங்கிலத்தில் ‘ஸ்டிங்’ என்ற சொல் கடுங்காயச் சொற்களின் கூட்டத்தில் சேர்வதில்லை. சீரியஸ்லி ஸ்டங் என்று சொல்லும் வழக்கம் இல்லை. மல்டிபிள் ஸ்டிங்ஸ் என்று எண்ணிக்கை வரும், அல்லது அலர்ஜிக் ரியாக்‌ஷன், அனஃபிலாக்சிஸ் என்று உடலின் எதிர்வினை வரும். கார்டில் ‘அனஃபிலாக்சிஸ்’ என்று மட்டும் இருந்தால், அது அந்தப் பெண்ணின் உடம்பில் உள்ள ஒவ்வாமை என்று வாசிக்கப்படும். இறாலோ மாத்திரையோ சேராதவர்களுக்கும் அதே சொல்தானே. மலையும் வேலை நேரமும் கூடும் காணாமல் போய், குறை அவள் உடம்பின் பக்கம் சாய்கிறது. ஆங்கிலச் சோடி தவறானதல்ல. மருத்துவத்துக்கு அதுதான் வேண்டும், அடுத்த தடவை எந்த ஊசி போட வேண்டும் என்று அதிலிருந்துதான் தெரியும். நட்டஈட்டுக்கு அது போதாது.

ஆகவே நான் ஒரு மொழியைப் பிடித்து மற்றதை விடச் சொல்லவில்லை. அளவு தெரியாமல் காரணத்தை மட்டும் சொன்னால் சட்டத்தின் பட்டியலில் நமக்கு இடம் கிடைக்காது. காரணம் தெரியாமல் அளவை மட்டும் எழுதினால் தோட்டத்துக்கும் காயத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். பாடசாலையில் ‘இஞ்சரி என்றால் காயம்’ என்று ஒற்றைச் சொல்லாகக் கற்பிப்பதை விட்டு, சீரியஸ் இஞ்சரி, சிவியர் பர்ன்ஸ், டீப் கட், கம்பவுண்ட் ஃப்ராக்சர், கிரிட்டிக்கல் கண்டிஷன் என்று சோடியாகவே கொடுக்கலாம். கூடவே ‘வைல் ப்ரூனிங்’, ‘வைல் ப்ளக்கிங்’ என்ற இரண்டு சின்னத் தொடர்களையும். கவ்வாத்து வெட்டும்போது, கொழுந்து பறிக்கும்போது. தோட்டத்துப் பிள்ளைக்கு இந்த இரண்டும் எந்தப் பாடநூல் தொடரையும்விடக் கிட்டத்தில் உள்ளவை, நாளைக்குத் தன் தாய்க்காக அந்தப் பிள்ளை வார்டில் நின்று பேச வேண்டியவை. தோட்ட ஆஸ்பத்திரிகளிலும் இந்தச் சோடிகளைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பக்கம் பக்கமாக எழுதிச் சுவரில் மாட்டலாம். செலவு ஒரு பலகைதான்.

அதுவரைக்கும் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. வார்டிலிருந்து கார்டை வாங்கும் முன்னால், எழுதும் மருத்துவரிடமோ தாதியிடமோ கேட்டு, காயத்தின் பெயருக்குப் பக்கத்தில் மூன்று விஷயங்களைச் சேர்க்கச் சொல்ல வேண்டும்: எது பட்டது, என்ன வேலை செய்துகொண்டிருந்தபோது பட்டது, அந்த நேரம் வேலை நேரமா. ஒரு வரி போதும். மறுத்தால், தோட்ட ஆஸ்பத்திரியில் முதல் கட்டுப் போட்ட அன்றே அங்குள்ள புத்தகத்தில் அந்த மூன்றும் பதிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறுமாதம் கழித்து யாரிடமும் அதைச் சேர்க்கச் சொல்ல முடியாது.